நெம்மேலியில் போட்ட டென்மார்க் தரை

கிரகப்பிரவேசத்தன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் முரளி, அவர் மனைவி சுதா, முரளியின் அப்பா, சுதாவின் அம்மா, சுதாவின் சித்தப்பா, முரளியின் அலுவலக நண்பர்கள் நாலு பேர், ஹோமம் செய்ய வந்த ஐயர், மாட்டுக்காரர், தச்சர் ஏழுமலை, நான். ஆகப் பதின்மூன்று பேர். ஒரு பசு, ஒரு கன்று. ஆள் ஆளாக எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தரை தானாகவே சிவந்துவிட்டது என்று முரளி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். தானாக ஒன்றும் சிவக்கவில்லை. பதின்மூன்று பேர் கண்ணுக்கு முன்னால்தான் அது நடந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வயதில் டென்மார்க் போய்ச் சேர்ந்து, பதினாறு வருடமாக அங்கே ஒரு சிற்றூரில் மரத்தரை போடும் பட்டறையில் வேலை செய்கிறேன். முரளி கம்பெனி வேலையாக இரண்டு வருடம் அந்த ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக் கீழறையில் குடியிருந்தார். என் மனைவி அவித்த புட்டைத் தின்றுகொண்டே அந்த நாட்டு வீடுகள்மேல் ஆசைப்பட்டுப் போனார். வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தரை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, வேறொன்றும் இல்லை.

ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வருடம் கழித்துத் தொலைபேசினார். "நெம்மேலியில கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டிட்டேன் அண்ணா. உள்ளே எல்லாம் அங்க இருக்கிற மாதிரியே வேணும். தரையை நீங்கதான் வந்து போடணும். டிக்கெட் என் பொறுப்பு. கூலி நாற்பதாயிரம். கூட ஒரு தச்சர் இருப்பார், அவர் கூலியை நீங்க பார்த்துக்கோங்க."

சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யலாமா என்று கேட்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். முரளி சிரித்தார். "வேலைன்னு ஏன் சொல்றீங்க? தம்பி வீட்டுக்கு வந்து கூடமாட உதவி பண்றீங்க, அவ்வளவுதான்."

நான் ஒத்துக்கொண்டது அக்காவுக்காக. அக்கா இரண்டு பெண் பிள்ளைகளுடன் கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். சிலோன்காரர் என்றதும் பாதிப் பேர் வீடு கொடுப்பதில்லை. அடுத்த தெருவில் ஓர் அம்மா கொடுக்கச் சம்மதித்தார். வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் பத்து மாதம். பத்து மாத வாடகையை முன்னால் வை என்று கேட்கிற வழக்கத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. இருபத்தைந்தாயிரம். மாதக் கடைசிக்குள் அது கைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் அக்காவும் பிள்ளைகளும் தெருவில். டென்மார்க் சம்பளம் வந்த கையோடு வீட்டுக் கடனுக்கும் வரிக்கும் போய்விடும், மிஞ்சுவதில்லை; எனக்குத் தூக்கம் போனது.

சுனாமி வந்து மூன்றாம் வருடம், வைகாசி மாதம் வந்து இறங்கினேன்.

முதல் நாளே கோபம் தொடங்கிவிட்டது. வீட்டின் கிழக்குச் சுவர் முழுக்க ஜன்னல். கம்பி கிடையாது, திரைச்சீலை கிடையாது. டென்மார்க்கில் அப்படி வைக்கிறார்கள் என்றால், அங்கே குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் உள்ளே இழுப்பதற்காக வைக்கிறார்கள். இங்கே காலை எட்டு மணிக்குக் கடல்மேல் இருந்து வெயில் நேரே உள்ளே வந்து கண்ணைக் குத்துகிறது. கூரையில் மின்விசிறி இல்லை, அழகு கெடுமாம். மேசைக்கு நேர் மேலே அண்டா அளவில் ஒரு வெள்ளை விளக்கு தாழத் தொங்கியது. அதில் நான் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டேன். தச்சர் ஏழுமலை தான் இடித்துக்கொண்டதை எண்ணுவதையே விட்டுவிட்டார்.

ஏழுமலை பட்டிபுலத்துக்காரர். என் வயதுதான். முதல் நாள் சாமான் வாங்க வேண்டும் என்று முந்நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். நாள் கூலி அதுதான். மிச்சத்தை மொத்தமாகக் கடைசியில் தந்தால் போதும் என்றார். பிறகு பலகைக் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, பொட்டி அடிக்கிற மரத்தக் கொண்டாந்து தரையில போடச் சொல்றே?"

"அங்கை எல்லா வீட்டிலயும் இதுதான்."

"அங்க கரையான் இல்லியா?"

"இல்லை."

"மீன் கொயம்பு?"

"அதுவும் பெரிசா இல்லை."

"அப்ப வூட்ல இன்னாதான் பண்ணுவாங்கோ?"

பதினாறு வருடம் இருந்தும் எனக்கு அது தெரியாது.

வேலைக்காரன் என்றால் அவரைச் சொல்லவேண்டும். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நகம் நுழையாது. எங்கள் பட்டறையில் இருக்கிற மெஷின்களில் ஒன்றுகூட இல்லாமல், ஓர் இழைப்புளியும் ஒரு ரம்பமும் வைத்துக்கொண்டு செய்தார். மத்தியானம் அவர் மனைவி நெத்திலிக் குழம்பும் சோறும் கொடுத்தனுப்புவாள். எனக்கும் சேர்த்துத்தான் வரும். முதல் நாள் நாங்கள் உள்ளே உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தோம். முரளி ஓடி வந்தார். "அண்ணா, ப்ளீஸ், உள்ளே வேண்டாம். வாசனை மரத்துல இறங்கிடும்." அன்றிலிருந்து கட்டி முடியாத மதில் சுவர் ஓரத்தில், ஒரு முழ நிழலில் குந்திச் சாப்பிட்டோம். என் வீட்டில் இரண்டு வருடம் கருவாடு பொரித்துத் தின்ற மனிதன் இவர்.

நாலாம் நாள் செங்கல்பட்டு போனேன். இந்தத் தரைக்கு வார்னிஷ் அடிப்பதில்லை. மரத்தை முதலில் காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு சோப்புச் சீவலைச் சுடுநீரில் கரைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் பால் மாதிரி வெளுக்கும். அழுக்கானால் மறுபடி அதே சோப்புத் தண்ணீர். ஆறு கிலோ சோப்புச் சீவலைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். காரத்தை விமானத்தில் கொண்டுவர முடியாது. இங்கே காஸ்டிக் சோடாதான் வாங்க வேண்டும்.

"எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"தரை கழுவ."

"எவ்ளோ?"

"அஞ்சு கிலோ."

"அஞ்சு கிலோவா? இன்னா தரை அது, கோட்டையா?" என் முகத்தைப் பார்த்தார். "பேச்சு ஒரு மாதிரியா கீதே. சிலோனா?"

வேலை நடப்பது கடலோரம், அதுவும் அணுமின் நிலையம் பக்கத்தில். சிலோன் பேச்சுப் பேசுகிற ஒருவன் ரசாயனம் வாங்குகிறான். நாளைப் பேப்பரில் என் படம் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

"அட, இத இன்னாத்துக்கு நீட்டிகினு? கையில படாம ஊத்துப்பா. தோலு உரிஞ்சிடும். பில்லு வேணுமா, வேணாமா?"

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டிப் பேருந்து டயர் வெடித்து நின்றது. டென்மார்க்கில் பேருந்து மூன்று நிமிடம் பிந்தினால் ஆட்கள் கடிகாரத்தை ஓட்டுநருக்குக் காட்டுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கி நிழல் தேடி நின்றார்கள், யாரோ நுங்கு வாங்கினார்கள். நான் ஒருவன்தான் கார டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கீழே வைத்தால் யாராவது காலை வைத்துவிடுவார்கள் என்று பயம். "இன்னாபா, கொயந்தையா அது? எறக்கி வையி" என்று ஒரு மீன்காரம்மா சத்தம் போட்டாள். வைக்கவில்லை.

இன்னொரு நாள் ஆணி வாங்க மாமல்லபுரம் போனபோது ஒரு சின்ன ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். அடுத்த மேசையில் வெள்ளைக்காரத் தம்பதி. டேனிஷில் பேசினார்கள். எனக்குப் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இவர்கள் ஏன் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை நிறம் அடிக்கிறார்கள்?" என்றார் கணவர். எதிரே ஒரு வீடு பச்சை, ஒன்று ரோஸ், ஒன்று கத்தரிப்பூ.

"வெயில் இருக்கிறதே" என்றாள் மனைவி. "நமக்கும் இத்தனை வெயில் இருந்தால் நாமும் அடிப்போம். வேறு வழியில்லாமல்தான் நாம் வெள்ளை அடிக்கிறோம்."

எழுந்து போய் அந்த அம்மாவை நெம்மேலிக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று இருந்தது. முரளி நான் சொன்னால் கேட்கமாட்டார். வெள்ளைக்காரி சொன்னால் கேட்பார்.

பதினோராம் நாள் காரம் அடித்தேன். பன்னிரண்டாம் நாள் சோப்பு ஏற்றினேன். தரை வெளுத்து வந்தபோது நானே கொஞ்ச நேரம் கோபத்தை மறந்து நின்றேன். காலைக் கடல் வெளிச்சம் அதில் பட்டுச் சுவர்மேல் ஏறியது. முரளியிடம் சொன்னேன். "ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, இதில தண்ணி படக்கூடாது. காரம் இன்னும் மரத்துக்குள்ள இருக்குது. அடங்க வேணும்."

"நாளன்னிக்குக் கிரகப்பிரவேசம் அண்ணா. வைகாசியில அதுதான் கடைசி முகூர்த்தம். ஆனி, ஆடி ரெண்டும் ஆகாது. ஆவணி வரைக்கும் கேளம்பாக்கத்துல வாடகையும் கட்டி, இங்க லோனும் யார் கட்டுறது?"

"அப்ப மேலே ஒரு தார்ப்பாய் விரிச்சு வைப்பம்."

"தார்ப்பாயா? ஆபீஸ்ல இருந்து எல்லாரும் பார்க்கத்தானே வர்றாங்க! தண்ணி படாம நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்கிறேன்.

பதினாலாம் நாள் காலை. மாட்டை வாசலோடு நிறுத்திவிட வேண்டும் என்று முரளி சொல்லியிருந்தார். அவருடைய அப்பா கேட்கவில்லை. "மாடு நுழையாத வீட்டுல நான் நுழைய மாட்டேன்" என்றார். மாடு நுழைந்தது. நடுக்கூடத்தில் நின்று வாலைத் தூக்கியது. "லட்சுமி கடாட்சம்!" என்று சுதாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முரளியின் முகம் தரையைவிட வெளுத்துப் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கமாட்டேன்.

அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஐயர் செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்தார். மாவிலையால் நாலு மூலையிலும் தெளித்தார். முரளி பக்கத்திலேயே கைகூப்பி நின்றார். தடுக்கவில்லை. நான் பின்னால் இருந்து "தண்ணி, தண்ணி" என்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை. சுதாவின் அம்மாவுக்கு அந்தத் தெளிப்பு போதவில்லை போலும், செம்பை வாங்கி மிச்சத்தை வாசற்படியிலிருந்து கூடம்வரை ஊற்றிவிட்டார்.

விழுந்த சொட்டு ஒவ்வொன்றும் சிவந்தது. மஞ்சளாக விழுந்து கண்முன்னாலேயே ரத்தச் சிவப்பாக மாறியது. அதில் மாடு மிதித்தது, கன்று மிதித்தது, ஐயர் மிதித்தார். வெள்ளைத் தரை முழுக்கச் சிவப்புக் குளம்பும் சிவப்புக் காலடியும். "ஐயோ, ரத்தம்!" என்று சுதாவின் அம்மா சுவரில் சாய்ந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். அலுவலக நண்பர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழுமலை என் காதோரம் வந்தார். "மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு கலந்தா செவக்குமே, ஆரத்தி எடுக்கிறதே அதாலதானே. உன் காரமும் சுண்ணாம்பு மாதிரிதானா? இது கூடத் தெரியாதா அண்ணாத்த உனுக்கு?"

தெரியாது. எங்கள் ஊரில் ஆராத்தி என்றால் தட்டில் வாழைப்பழத் துண்டு வைத்து அதன்மேல் திரி கொளுத்துவது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து எடுப்பதை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தத் தரையை இந்த ஊரில் போட்டிருக்கவே மாட்டேன்.

ஏழுமலை எலுமிச்சம்பழம் வெட்டித் தேய்த்தார். சிவப்பு மஞ்சளானது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மஞ்சள் கறை போகவேண்டுமே என்று நான் அவசரப்பட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். மறுபடி ரத்தம்! என் கையாலேயே மறுபடி ரத்தம். சுதாவின் சித்தப்பா என்னைக் காட்டிக் கேட்டார்: "யாருப்பா இந்த ஆளு? தரை போட்டாரா, சூனியம் வச்சாரா?"

மறுநாள் கேளம்பாக்கத்தில் முரளியின் வாடகை வீட்டுக்குப் போனேன். கூலி கேட்டேன். காபி கொடுத்து, இருபதாயிரத்தை மேசைமேல் வைத்தார்.

"மிச்சம் தரை சரியானதும் அனுப்பறேன் அண்ணா."

"தரையைப் பழுதாக்கினது நானில்லை முரளி. தண்ணி படக்கூடாதெண்டு சொன்னனான்தானே. நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்தனீங்கள்."

"மஞ்சள் தெளிக்காத கிரகப்பிரவேசம் உண்டா? நீங்களும் தமிழர்தானே, அதை யோசிக்காம ஏன் போட்டீங்க?"

பாதி நியாயம் அவர் பக்கம் இருந்ததுதான் என்னை அதிகம் எரித்தது.

"மஞ்சள் வெயிலுக்கு நிக்காது" என்றேன். "துணியில பட்டாலும் காயப்போட்டால் வெளுக்கும். ஜன்னலைத் திறந்து விடுங்கோ. பத்து நாளில போகும்."

"போகட்டும், அனுப்பறேன்."

"எனக்கு இப்ப வேணும். அக்காவுக்கு வீட்டு அட்வான்ஸ் கட்ட வேணும். உங்களுக்குத் தெரியும்."

முரளி சிரித்தார். அதே பழைய சிரிப்பு. "தம்பிகிட்ட சண்டை போடலாமா? என்ன, போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறீங்களா? டூரிஸ்ட் விசாதானே அண்ணா?"

எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காபி டம்ளரை அவருடைய வெள்ளைச் சோபாவில் கவிழ்க்கவில்லையே என்று இன்றுவரை வருத்தம். எங்கள் பட்டறையில் மாதக் கடைசி வேலைநாள் சம்பளம் வங்கிக்கு வந்துவிடும். முதலாளிக்கு என்னைப் பிடிக்காது. இருந்தும் வரும். அண்ணன் தம்பி என்று யாரும் என்னை அங்கே கூப்பிட்டதில்லை.

அங்கிருந்து வண்டலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கூடுவாஞ்சேரி போனேன். அக்கா வாசலிலேயே நின்றாள். "ஏன்டா முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? சாப்பிட்டனியோ?" இரண்டு பேருமாகப் புது வீட்டுக்கார அம்மாவிடம் போனோம். இருபதாயிரத்தை நீட்டினேன். மிச்சம் ஐந்தை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னேன்.

"அடுத்த மாசமா? ரெண்டு பேரு ஏற்கெனவே கேட்டுகினு கீறாங்க. முழுசா வையி, சாவி எடுத்துக்க. இல்லாட்டி உட்ரு" என்றார் அந்த அம்மா. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் மூத்த மகள் புத்தகப் பையைக்கூட ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தாள்.

என் சட்டைப் பையில் ஐயாயிரம் இருந்தது. மாமல்லபுரத்தில் டென்மார்க் குரோனரை மாற்றி, ஏழுமலை கூலிக்கென்று தனியாக எடுத்து வைத்தது. அதையும் எடுத்து வைத்தேன். சாவி வந்தது. அக்கா அழுதாள். அன்று பின்னேரம் பட்டிபுலம் பேருந்து நிறுத்தத்தில் வந்து கூலியை வாங்கிக்கொள்வதாக ஏழுமலை சொல்லியிருந்தார். விமானம் இரவுதான். நான் பெட்டியோடு கூடுவாஞ்சேரியிலிருந்து நேரே விமான நிலையத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் பொறுத்து டென்மார்க்கிலிருந்து ஏழுமலைக்குத் தொலைபேசினேன். முதலில் தரையைப் பற்றித்தான் கேட்டேன்.

"அந்தக் கறையா? அது எப்பவோ பூட்ச்சு. பத்து நாள் வெயில்ல தரை பாலு மாதிரி ஆய்ட்ச்சு. ஆபீஸ்காரங்கோ வந்து வந்து போட்டா புட்ச்சிகினு போறாங்கோ."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முரளிக்கு எத்தனை தடவை மெயில் போட்டேன், எத்தனை தடவை கூப்பிட்டேன், ஒரு பதில் இல்லை, அவன் மனிதனா, என் வீட்டில் தின்றவன், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவன் உருப்படுவானா என்று பத்து நிமிடம் கத்தினேன். நான் ஓய்ந்ததும் ஏழுமலை கேட்டார்.

"சரி அண்ணாத்த. என் காசு?"

"முரளி மிச்சத்தைத் தந்த உடன அனுப்புறன்."

"அவரு குட்த்தாதான் நீ குடுப்பியா? நா அவர்கிட்டயா வேல பாத்தேன்? உன்கிட்டதானே பாத்தேன்."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. இது நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. முரளி எனக்குத் தரவேண்டிய இருபதாயிரத்தைப் பற்றிப் பட்டறையில், கோயிலில், கல்யாண வீடுகளில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஏழுமலையின் கூலியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எனக்கு அது அரை நாள் சம்பளம். அவன் கொடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு பிடிவாதத்தில் வைத்திருக்கிறேன். பதினாலு நாள் வேலை, நாளொன்றுக்கு முந்நூறு. முதல் நாள் கொடுத்ததைக் கழித்தால் ஏழுமலைக்கு நான் தரவேண்டியது மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.